ஒரு பகலுக்குத் தொண்ணூறு தினார்

பெட்ராவின் நுழைவுச் சீட்டு விலையில் ஒரு தலைகீழ்க் கணக்கு இருக்கிறது. ஜோர்தானில் ஓர் இரவாவது தங்கும் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் சீட்டு 50 தினார். இரண்டு நாளுக்கு 55, மூன்று நாளுக்கு 60. காலையில் எல்லை தாண்டி வந்து மாலையில் திரும்பிவிடுகிறவருக்கு மட்டும் 90. நாளெல்லாம் நடந்து திரிகிறவர் குறைவாகக் கொடுக்கிறார். நாலு மணி நேரத்தில் ஓடிவிடுகிறவர் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுக்கிறார். தினாரின் மதிப்பு டாலரோடு கட்டப்பட்டது என்பதால் 90 தினார் சுமார் 127 டாலர்; நம் ரூபாயில் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். 90 கொடுத்து நுழைந்தவர் மனம் மாறி, இரவு தங்கி, மறுநாளும் வந்து நின்றால் 40 தினாரைத் திருப்பித் தரும் ஏற்பாடும் உண்டு. தங்குவதற்குக் கூலி கொடுக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

இந்த விலையைச் சுரண்டல் என்று திட்டுகிறவர்கள் அதிகம். அவர்கள் திட்டுவதற்கு முன் அந்த ஒற்றைப் பகல் பயணம் எப்படி அமைகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

அகாபா வளைகுடாவின் வடமுனையில் இரண்டு ஊர்கள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. மேற்கே இஸ்ரேலின் எய்லாத், கிழக்கே ஜோர்தானின் அகாபா. ஓர் ஊரின் விளக்குகள் மற்ற ஊரின் கடற்கரையிலிருந்து தெரியும். இரண்டுக்கும் சற்று வடக்கே, வாதி அரபா பள்ளத்தாக்கில், 1994 ஆகஸ்டில் ஓர் எல்லைக் கடவை திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று அதே பள்ளத்தாக்கில்தான் இரு நாடுகளும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. கடவைக்கு ஆண்டு விடுமுறை இரண்டு நாள்: யூதர்களின் யோம் கிப்பூர், முஸ்லிம்களின் ஹிஜ்ரி புத்தாண்டு. ஆளுக்கொரு நாள் என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள் போலும்.

எய்லாத் விடுதியில் இருக்கும் பயணி காலை ஏழு மணிவாக்கில் கிளம்புகிறார். இஸ்ரேல் பக்கம் வெளியேறும் வரி, பெட்டி சோதனை, கடவுச்சீட்டு. இடையிலே யாருக்கும் சொந்தமில்லாததுபோல் தோன்றும் கொஞ்ச தூரம் நடை. மறுபக்கம் மறுபடியும் சோதனை, மறுபடியும் கடவுச்சீட்டு. கூட்டமில்லாத நாளில் ஒரு மணி நேரம். கூட்டம் இருந்தால் அது கடவுச்சீட்டைப் பார்க்கிறவரின் கையில். பிறகு பெட்ராவின் வாயிலில் இருக்கும் வாதி மூசா ஊருக்கு வண்டியில் இரண்டு மணி நேரம்; சுமார் 125 கிலோமீட்டர். சீட்டு வாங்கும் இடத்திலிருந்து, சீக் எனப்படும் 1.2 கிலோமீட்டர் நீளமான பாறை இடுக்கு வழியே, புகழ்பெற்ற கஸ்னே முகப்புவரை இரண்டு கிலோமீட்டர். நகரின் மறுகோடியில் இருக்கும் கஸ்ர் அல்பிந்த் கோவில்வரை நடந்தால் நாலு. திரும்பும்போது அத்தனையும் ஏற்றம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்தை வழிகாட்டி கட்டாயம் ஒதுக்குவார். மாலை நாலு மணிக்கெல்லாம் வண்டி கிளம்பியாக வேண்டும், கடவை மூடுவதற்குள் போய்ச் சேர.

இதற்குள் கடிகாரமும் ஒரு கை பார்க்கிறது. 2022 அக்டோபரில் ஜோர்தான் கோடைகால நேரத்தையே ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொண்டது. இஸ்ரேல் இன்னும் ஆண்டுக்கு இரண்டு முறை முள்ளைத் திருப்புகிறது. ஆகவே குளிர்காலத்தில் எல்லையைத் தாண்டும் அந்தச் சில நூறு அடியில் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. பெட்ராவும் குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே மூடிவிடும். டிசம்பரில் பெட்ராவுக்குப் பகல் பயணம் போடுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதில்லை, பார்த்தால் போகமாட்டார்.

இன்னொன்று முத்திரை. பிற நாடுகளுக்குப் போகிறவர்களுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று, 2013 முதல் இஸ்ரேல் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவதை விட்டுத் தனிச் சீட்டு ஒன்றைக் கொடுக்கிறது. ஆனால் ஜோர்தான் குத்தும் முத்திரையில் வாதி அரபா என்ற பெயர் இருக்கும். அந்தக் கடவைக்கு மறுபக்கம் வேறு நாடு எதுவும் இல்லை. லெபனான் போன்ற நாட்டின் குடியேற்ற அதிகாரிக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும்.

பெட்ராவை ஒரே பகலில் பார்த்துவிட்டு ஓடும் வழக்கத்தைச் சுற்றுலா நிறுவனங்கள்தான் தொடங்கின என்று சொல்ல முடியாது. ஐரோப்பாவுக்குப் பெட்ராவைத் திரும்ப அறிமுகப்படுத்தியதே ஒரு பகல் பயணந்தான்.

யோஹான் லுட்விக் புர்க்ஹார்ட் சுவிட்சர்லாந்துக்காரர், 1784-இல் லோசானில் பிறந்தவர். ஆப்பிரிக்காவின் உள்நிலத்தைத் தேடிப் போக லண்டனிலுள்ள ஆப்பிரிக்கச் சங்கம் அவரை அனுப்பியிருந்தது. அலெப்போவில் அரபு கற்று, ஷேக் இப்ராஹிம் என்று பெயர் வைத்துக்கொண்டு, டமாஸ்கஸிலிருந்து கெய்ரோவுக்குப் போகிற வழியில் வாதி மூசாவில் ஏதோ பழைய நகரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டார். நேரே போய்ப் பார்க்கக் கேட்டால் புதையல் தேடும் காஃபிர் என்று சந்தேகம் வரும். எனவே ஹாரூன் நபியின் சமாதியில் ஆடு பலி கொடுப்பதாக நேர்ந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். சமாதி இடிபாடுகளுக்கு அப்பால் மலைமேல் இருக்கிறது. போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். வழிகாட்டிக்கு அவர் கொடுத்த கூலி ஒரு ஜோடி பழைய குதிரை லாடம். வழிகாட்டி ஆட்டைத் தூக்கிக்கொண்டார், தண்ணீர்த் தோற்பையை ஷேக் இப்ராஹிம் தலையில் கட்டிவிட்டார்.

1812 ஆகஸ்ட் 22 அது. கஸ்னேயைக் கண்டு நின்றார். கல்லறைகளுக்குள் நுழைந்து நுழைந்து வந்தார். கஸ்ர் அல்பிந்த் பக்கம் ஒதுங்கியபோது வழிகாட்டிக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டார். அதற்குமேல் அளக்கவும் முடியாது, குறிப்பெடுக்கவும் முடியாது. மலையடிவாரத்து மேட்டை அடையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சமாதிவரை ஏறவில்லை, அங்கேயே ஆட்டை அறுத்துவிட்டுத் திரும்பினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 32 வயதில், கெய்ரோவில் இறந்துபோனார். அந்த ஒரு பகலின் குறிப்பு அவர் இறந்தபின் 1822-இல் அச்சானது.

ஓவியரும் வேடிக்கைக் கவிஞருமான எட்வர்ட் லியர் 1858 ஏப்ரலில் வந்தார். நிறையப் படம் வரையும் எண்ணத்தோடு வந்தவர் ஒரு மாலையையும் ஒரு காலையையுமே பெற்றார். அக்கம்பக்கத்துக் குடிகள் தங்கள் நிலத்தில் நுழைந்ததற்குக் காசு கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள்; கூட்டம் பெருகப் பெருகத் தொகையும் பெருகியது; கடைசியில் சட்டைப்பைகளைத் துழாவிவிட்டு அனுப்பினார்கள். அவருடைய சமையற்காரர் அந்தப் பாறைகளின் நிறத்தைச் சாக்லேட், பன்றி இறைச்சி, கறிப்பொடி, சால்மன் மீன் என்று அடுக்களைக் கணக்கில் சொன்னதாக லியர் எழுதிவைத்திருக்கிறார். ஆங்கிலக் கவிஞர்கள் பெட்ராவைப் பற்றிச் சொன்ன பலவற்றைவிட இது துல்லியம். அவர்களில் மிகப் புகழ்பெற்றவரான ஜான் பர்கன் 1845-இல் பரிசு வாங்கிய தன் கவிதையை எழுதும்போது பெட்ராவை எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

எல்லாருக்கும் மூத்த பகல் பயணி ஒரு கொள்ளைக்காரத் தளபதி. கி.மு. 312-இல், அலெக்சாண்டரின் வாரிசுகளுள் ஒருவனான ஆண்டிகோனஸ், அதெனேயஸ் என்பவனை 4000 காலாட்களோடும் 600 குதிரைகளோடும் பின்னாளில் பெட்ராவைச் செதுக்கிய நபாத்தேயர்மேல் ஏவினான். ஆண்கள் எல்லாம் சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்து நள்ளிரவில் பாறைக்கோட்டையைப் பிடித்து, குந்திரிக்கம், வெள்ளைப்போளம், 500 தாலந்து வெள்ளி ஆகியவற்றை வாரிக்கொண்டு விடியுமுன் கிளம்பிவிட்டார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதுகிறார். அந்தப் பாறை பெட்ராதானா, வடக்கே உள்ள வேறொரு கோட்டையா என்று அறிஞர்களுக்குள் வழக்கு தீரவில்லை. கதையின் முடிவில் வழக்கில்லை. களைத்துப்போய் வழியில் கூடாரமடித்துத் தூங்கியவர்களை நபாத்தேயர் இருட்டில் பிடித்தார்கள். ஐம்பது குதிரைக்காரர்கள் தப்பினார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் காயத்தோடு.

வாதி அரபா எல்லையின் வரலாற்றில் இதன் நிழல் ஒன்று இருக்கிறது. 1948-க்குப் பிறகு பெட்ரா எதிரி நாட்டில் போய்விட்டது. இஸ்ரேலிய இளைஞர்களில் சிலருக்கு அந்தச் சிவப்புப் பாறையைத் தொட்டுவிட்டு வருவது வெறியாகவே ஆகிவிட்டது. 1953-இல் மெயிர் ஹர்-ஸியோன், ராகேல் சவொராய் என்ற இருவர் இருட்டில் பாலைவனத்தைக் கடந்து, பார்த்துவிட்டு, உயிரோடு திரும்பினார்கள். அவர்கள் வழியில் போன மற்றவர்களில் பன்னிரண்டு பேர் 1950-களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஹயிம் ஹெஃபர் எழுதி அரிக் லாவி பாடிய பாட்டு ஒன்று அந்தப் பயணத்தைப் பற்றியது. அது இன்னும் பலரைக் கிளப்பிவிடும் என்று பயந்து வானொலியில் தடை செய்தார்கள். இன்று அதே தூரத்தைக் குளிரூட்டப்பட்ட வண்டியில் தூங்கிக்கொண்டே கடக்கிறார்கள். 1994-ஐச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பன்னிரண்டு பேரை ஒரு முறை நினைத்துக்கொள்ளலாம்.

வேடம் போட்டு வந்தவர், விரட்டப்பட்டவர், கொள்ளையடித்தவன், ஒளிந்து வந்தவர்கள், இன்றைக்கு வவுச்சரோடு வருகிறவர்கள். கொள்ளையடித்தவனை விட்டால் மற்ற நான்கு வகைப் பேருக்கும் கிடைத்தது ஏறக்குறைய ஒன்றுதான். முகப்பு.

கஸ்னே சுமார் 40 மீட்டர் உயரம். சீக்கின் கடைசி வளைவில் அது பளிச்சென்று வெளிப்படும் விதத்தை ஆயிரம் முறை படத்தில் பார்த்தவரும் நேரில் பார்க்கும்போது வாயடைத்துத்தான் நிற்கிறார். ஆனால் அதன் பின்னே இருப்பவை அலங்காரமில்லாத சில வெற்று அறைகள். உச்சியில் இருக்கும் கல் கலசத்தில் துப்பாக்கிக் குண்டுத் தழும்புகள் உண்டு. உள்ளே பொன் இருக்கிறது என்று நம்பிய பதூயின்கள் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். கலசம் முழுக்கக் கல். 2024-இல் முகப்புக்கு அடியில் தோண்டியபோது பன்னிரண்டு எலும்புக்கூடுகள் இருந்த ஒரு கல்லறை வெளிப்பட்டது. பயணிகள் படம் எடுக்க நின்ற தரைக்குக் கீழேதான் அத்தனை காலமும் அது இருந்திருக்கிறது.

பெட்ராவின் மெய்யான சாதனை தண்ணீர். சீக்கில் நடக்கும்போது ஒரு பக்கச் சுவரில் வெட்டிய வாய்க்காலும் மறுபக்கம் சுட்ட மண் குழாய் பதித்த தடமும் தெரியும். ஊற்று நீரையும் மழைநீரையும் நகருக்குள் கொண்டுவந்து தொட்டிகளில் தேக்கினார்கள். வெள்ளம் சீக்குக்குள் பாயாமலிருக்க அதன் வாயில் அணை கட்டி, நீரைப் பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே திருப்பிவிட்டார்கள். அந்த ஏற்பாடு பாழடைந்து கிடந்த காலத்தில், 1963 ஏப்ரலில், சீக்குக்குள் திடீர் வெள்ளம் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகளைக் கொன்றது. பிறகுதான் பழைய அணை இருந்த இடத்திலேயே புதிய அணையைக் கட்டினார்கள். பகல் பயணத்தில் இந்த வாய்க்காலைக் காட்ட வழிகாட்டிக்கு அரை நிமிடம் கிடைக்கும். எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் பார்க்க வேண்டிய அத்தேர் மண்டபமும், மலையுச்சிப் பலிமேடும் திட்டத்திலேயே இருக்காது.

நபாத்தேயரின் பிழைப்பே வருகிறவரை நிறுத்தி வைப்பதில்தான் இருந்தது. தியோதோரஸ் சொல்லும் கதைகளில் அவர்கள் வீடு கட்டக்கூடாது, விதை விதைக்கக்கூடாது, மீறினால் மரணம் என்று சட்டம் வைத்திருந்த நாடோடிகள். சில தலைமுறைகளில் அவர்களே பாறையில் நகரம் செதுக்கினார்கள். தென் அரேபியாவின் நறுமணப் பிசின்கள் ஒட்டகங்களில் வடக்கே வந்தன. தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நபாத்தேயர். தண்ணீருக்குக் காசு, தீவனத்துக்குக் காசு, காவலுக்குக் காசு, பூசாரிக்குக் காசு. ஓர் ஒட்டகம் மத்தியதரைக் கடற்கரையை எட்டுமுன் 688 தினாரியஸ் செலவாகிவிடும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கணக்கு எழுதியிருக்கிறார். அவருக்கும் அது சுரண்டலாகத்தான் பட்டது.

எரித்ரேயக் கடல் வழிகாட்டி என்ற கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூல் செங்கடலில் லியூகே கோமே என்ற துறைமுகத்தைச் சொல்கிறது. அங்கிருந்து நபாத்தேய மன்னன் மாலிகஸின் பெட்ராவுக்குச் சாலை போனது. வரும் சரக்கில் நாலில் ஒரு பங்கைச் சுங்கமாக எடுக்க ஓர் அதிகாரியும், அவருக்குத் துணையாகப் படையோடு ஒரு தலைவரும் அந்தத் துறையில் இருந்தார்கள். அதே நூல் கப்பலைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு வந்து முசிறி, தொண்டி, பொதுக்கே ஆகிய தமிழகத் துறைகளைப் பற்றிப் பேசுகிறது. மிளகுக்கும் குந்திரிக்கத்துக்கும் ஒரே கடல், ஒரே சுங்கப் பழக்கம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக்காரர்கள் மூட்டைகளின்மேல் சோழனின் புலி முத்திரையைப் பொறித்து அனுப்புகிறார்களே, அந்த வரிசையில்தான் வாதி அரபாவின் முத்திரை அதிகாரியும் உட்கார்ந்திருக்கிறார்.

சுங்கம் பிடுங்கிய அந்த நகரம் வெளியாருக்குக் கசக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோவின் நண்பரான அதெனோதோரஸ் என்ற தத்துவ அறிஞர் பெட்ராவுக்குப் போயிருந்தவர். அங்கே ரோமர்களும் பிற வெளியூராரும் ஏராளமாகத் தங்கியிருப்பதையும், அந்த வெளியூரார் ஓயாமல் வழக்காடிக்கொண்டிருக்க உள்ளூரார் தமக்குள் வழக்குக்கே போகாததையும் பார்த்து அவர் வியந்திருக்கிறார். கடந்துபோகிறவன் நீதிமன்றம் ஏறுவதில்லை. அவர்கள் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

பெட்ராவிலிருந்து மேற்கே போன ஒட்டகப் பாதை வாதி அரபாவைக் கடந்து, நெகேவ் பாலைவனத்தின் அவ்தாத், ஹலூஸா என்ற நபாத்தேய ஊர்கள் வழியே காசா துறைமுகத்தில் முடிந்தது. யுனெஸ்கோ 1985-இல் பெட்ராவை ஜோர்தானின் பெயரில் பட்டியலில் சேர்த்தது. நெகேவ் நகரங்களை 2005-இல் இஸ்ரேலின் பெயரில் சேர்த்தது. ஒரே மக்களின் ஒரே பாதை இரண்டு பதிவு எண்களாகிவிட்டது. பாதையின் கடைசி ஊரான காசாவைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. 2023-இல் சாதனையாக 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்ட பெட்ராவுக்கு, அந்த ஆண்டு அக்டோபரில் தொடங்கிய போருக்குப் பின், 2024-இல் அதில் பாதிப் பேர்கூட வரவில்லை.

வாதி மூசாவில் விடுதி நடத்துகிறவர்களும், குகைகளில் குடியிருந்து 1985-இல் உம் ஸைஹூன் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட பெதூல் இனத்தாரும் வாழ்வது இந்தப் பயணிகளை நம்பித்தான். எய்லாத்திலிருந்து காலையில் வந்து, முன்பே ஏற்பாடு செய்த உணவகத்தில் சாப்பிட்டு, மாலையில் போகிறவர் அந்த ஊரில் அறை எடுப்பதில்லை, ரொட்டிக்கடைக்குப் போவதில்லை. அவருடைய செலவில் பெரும்பங்கு எல்லைக்கு அந்தப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. அந்த நாற்பது தினார் அதற்கு ஈடு. பேராசை என்று அதைத் திட்டுவது பொருந்தாது. பெட்ராவின் பழைய தொழில் தெரிந்த யாரோ போட்ட விலை அது.

திட்டம் போடுகிறவருக்கு ஒரு யோசனை. பெட்ராதான் வேண்டும் என்றால் நேரே ஜோர்தானுக்குப் போய், வாதி மூசாவில் இரண்டு இரவு தங்கி, காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போதே சீக்குக்குள் நுழைய வேண்டும். மழை அறிவிப்பு இருந்தால் அன்றைக்குப் போகவே கூடாது. 2018 நவம்பர் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான பயணிகளை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருந்தது. எய்லாத்தில் இருக்கிறோம், கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் பெட்ராவை விட்டுவிட்டு அவ்தாத்துக்குப் போகலாம். தெய்வமாக வணங்கப்பட்ட ஒபோதஸ் என்ற நபாத்தேய மன்னனின் பெயர் தாங்கிய ஊர் அது. பெட்ராவிலிருந்து காசாவுக்குப் போன ஒட்டகங்கள் தண்ணீர் குடித்து நின்ற இடம். 40-ஆம் எண் நெடுஞ்சாலையில், மிட்ஸ்பே ரமோனுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. வண்டியில் இரண்டரை மணி நேரப் பயணம். கடவுச்சீட்டில் முத்திரை விழாது.